பச்சோந்தி: ஒரு பாடமும் ஒரு பிழைதிருத்தமும்

பெயர் பெருகிப் பொருள் அருகி நிற்கும் உயிர்கள் சில உள. அன்னத்தின் பெயரை அறியாத தமிழ் மாணவன் இல்லை. அதனை நீர்நிலையிற் கண்ட மாணவனைக் காண்டல் அரிது. பச்சோந்தியும் அத்தகையதே. மேடையிற் பேசுவோரும் செய்தித்தாளில் எழுதுவோரும் அச்சொல்லை நாடோறும் வழங்குகின்றனர். தேர்தல் வந்துவிட்டாலோ அச்சொல்லுக்கு ஓய்வேயில்லை. ஆயின் அவ்வுயிரினை அதன் மரக்கிளையிற் கண்டார் எம்மவருள் எத்துணைப் பேர்?

இக்கட்டுரை அவ்வுயிரைப் பற்றியதொரு சிறு பாடம். அதனோடு ஒரு பிழைதிருத்தமும் ஆகும். பிழை எம்முடையது, ஆதலின் அதனையே முதற்கண் கூறுதல் முறை.

வகுப்பறையில் நிகழ்ந்தது

2003ஆம் ஆண்டு. போர் ஓய்ந்திருந்த காலம். இடம்பெயர்ந்து பல்லாண்டு பிற புலங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தீவகத்துக்கு ஒவ்வொன்றாக மீண்டுகொண்டிருந்தன. ஆசிரிய கலாசாலையினின்று வெளிவந்த புதிதில், அத்தீவகத்துப் பாடசாலையொன்றில் எட்டாந் தரத்தினர்க்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தோம். அன்றைய பாடம் உவமைத்தொடர்கள். "பச்சோந்தி போல" என்னுந் தொடரைக் கரும்பலகையில் எழுதினோம். தான் இருக்கும் இடத்தின் நிறத்தைத் தானும் பூண்டு பிறரை ஏமாற்றும் உயிர் பச்சோந்தி என்றும், அதுபோல் இடத்துக்கேற்பக் கொள்கையை மாற்றிக்கொள்பவனை இத்தொடராற் குறிப்பர் என்றும் விளக்கினோம்.

"பச்சோந்தியைக் கண்டவர்கள் கையை உயர்த்துக" என்றோம். வகுப்பு முழுவதும் கை உயர்ந்தது. எங்கே கண்டீர்கள் என வினவ, வேலியிற் கண்டதாக விடை வந்தது. தலை சிவந்திருக்கும் என்றான் ஒருவன். தலையை மேலுங்கீழும் ஆட்டும் என்றாள் ஒருத்தி. அவர்கள் கூறியது ஓணான் என்பதை யாமும் அன்று அறிந்திலோம்.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் குடும்பம் மடுவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இடம்பெயர்ந்து வாழ்ந்து, அவ்வாண்டே ஊர் திரும்பியிருந்தது. "சேர், அது இருக்கிற இடத்தின்ரை நிறத்துக்கு மாறிறேல்லை. நான் அதைப் பிடிச்சுச் சிவத்தச் சாரத்திலை விட்டுப் பார்த்தனான். அது சிவக்கேல்லை, கறுத்துப் போச்சு" என்றான். வகுப்பு சிரித்தது. யாமும் முறுவலித்து, "நூலில் உள்ளதைப் படி, காட்டிற் கண்டதைச் சோதனைத்தாளில் எழுதாதே" எனக் கூறி அவனை அமரச் செய்தோம். அவன் அமர்ந்தான். அதன்பின் அத்தவணை முழுவதும் அவன் வினா ஒன்றும் எழுப்பியதில்லை.

ஓணான் வேறு, பச்சோந்தி வேறு

பிள்ளைகள் மயங்கியதிற் குற்றமில்லை. ஓணானும் நிறம் மாறுவதே. அதற்கு 1802ஆம் ஆண்டிற் பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் தோதென் என்பார், நிறம் வேறுபடுவது என்னும் பொருளமைந்த இலத்தீன் சொல்லையே தெரிந்தெடுத்தார். இனம்பெருக்குங் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தோளும் செந்நிறங் கொள்ளும். அச்செந்நிறங் கண்டே ஆங்கிலேயர் அதனை இரத்தமுறிஞ்சி எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். யாம் சிறுவராயிருந்தபோது, ஓணான் தொலைவிலிருந்தே எம் இரத்தத்தை இழுக்கின்றது என நம்பித் தொப்புளைக் கையாற் பொத்திக்கொண்டு ஓடியதுண்டு. உண்மையில் அஃது உறிஞ்சுவதுமில்லை, அதற்கு நஞ்சுமில்லை. பூச்சி புழுக்களைத் தின்று தோட்டக்காரனுக்குத் துணை செய்யும் உயிர் அது.

பச்சோந்தி அதற்கு உறவேயாயினும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. உலகில் 200க்கு மேற்பட்ட பச்சோந்தியினங்கள் உள. அவற்றுட் பாதியளவு ஆபிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள மடகஸ்கார்த் தீவில் வாழ்வன. எஞ்சியவற்றுட் பெரும்பாலன ஆபிரிக்கப் பெருநிலத்துக்குரியன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது ஓரினமே. ஒஸ்திரியா நாட்டு அறிஞர் லோரெந்தி 1768ஆம் ஆண்டில் அதற்கு இட்ட பெயர் கமேலியோ சைலானிக்கசு என்பது. இலங்கைக்குரிய பச்சோந்தி என்பது அதன் பொருள். எம் நாட்டின் பெயரையே தன் பெயராகத் தாங்கி உலக நூல்களில் உலவும் உயிரை எம் பிள்ளைகள் அறியாதிருத்தல் இரங்கத்தக்கதன்றோ?

இலங்கையில் அது வாழ்வது வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள வறண்ட நிலங்களிலே. புத்தளம், மன்னார் முதலிய பகுதிகளின் முட்காடுகள் அதற்கு ஏற்ற இடங்கள். ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் எம் கண்ணுக்கு அகப்பட்டது ஓணானே. பச்சோந்தியை அங்கு யாம் ஒருநாளுங் கண்டதில்லை. எனினும் அதன் பெயர் எல்லாத் தீவுகளிலும் வழங்குகின்றது.

உறுப்பமைதி

பச்சோந்தி வாலுட்பட ஏறத்தாழ 15 அங்குலம் வரை வளர்வது. ஓணானின் உடல் உருண்டு திரண்டது. பச்சோந்தியின் உடலோ இருமருங்கும் அழுந்தி, நிமிர்த்திப் பிடித்த இலை போன்றது. தலையின் பின்புறம் முடியணிந்தாற்போல் உயர்ந்திருக்கும்.

மரத்தில் வாழ்வதற்கென்றே அமைந்தவை அதன் பாதங்கள். ஓணானுக்கு ஐந்து விரல்களும் தனித்தனியே விரிந்திருக்கும். பச்சோந்திக்கோ அவை இரு கட்டுகளாகப் பிணிக்கப்பட்டுக் குறடு போல் எதிரெதிர் நிற்கும். முன்பாதத்தில் உட்புறம் மூன்று, வெளிப்புறம் இரண்டு. பின்பாதத்தில் உட்புறம் இரண்டு, வெளிப்புறம் மூன்று. இக்குறடுகள் நான்கினாலும் கொம்பைப் பற்ற, ஐந்தாங் கைபோல் வாலுஞ் சுற்றிக்கொள்ளும். பல்லியின் வால் அறுந்தால் மீள வளரும். பச்சோந்தியின் வால் அவ்வாறு வளர்வதன்று. எனவே சிறுவர் ஒருவர் வாலைப் பிடித்து இழுத்து ஊறு செய்துவிட்டால், அவ்வூறு வாழ்நாள் முழுவதற்குமாம்.

கண்கள் வியப்பினும் வியப்பு. இமைகள் ஒன்றிக் கூம்பு வடிவாகி, நடுவே ஊசித்துளை போன்றதொரு திறப்பே எஞ்சியிருக்கும். ஒரு கண் முன்னே நோக்க மற்றைக் கண் பின்னே நோக்கும். இரை கிட்டியதும் இரு கண்களும் ஒருங்கே அதன்மேற் பொருந்தும். பின்னர் நா பாயும்.

நாவின் பாய்ச்சலுக்கு வில்லை உவமை கூறலாம். நாவின் உள்ளே ஒரு தண்டும் அதனைச் சூழ்ந்து தசையும் உள. இரண்டுக்குமிடையே நார்ப்பொருளாலான உறைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. தசை இறுகுங்கால் அவ்வுறைகள் நாணேற்றிய வில்போல் விறைத்து நிற்கும். விடுபட்ட கணத்திலே நாவை எறிந்துவிடும். தசைவலி ஒன்றினால் மட்டும் இத்துணை விரைவு எய்துதல் இயலாதென்பதை ஒல்லாந்து ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் விளக்கினர். நீண்ட நா உடலின் நீளத்தையும் விஞ்சும். பாய்தற்கு ஆகும் நேரமோ ஒரு விநாடியின் பத்திலொரு கூற்றினுங் குறைவு. நடையில் மிக மெலிந்த உயிருக்கு இயற்கை அளித்த ஈடு இது.

ஆண்டில் ஒருகால் பெண் பச்சோந்தி மரத்தைவிட்டு இறங்கி, மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிச் செல்லும். அஃதொழிய அதன் வாழ்வு பெரிதுங் கிளைகளின்மேலே கழிவது. அங்ஙனமிருக்கவும் கிரேக்கர் அதற்கு இட்ட பெயர் தரைச்சிங்கம் எனப் பொருள்படுவது. பெயரிடுவார் பிழைபடுதல் எம்மோடு தொடங்கியதன்று!

நிறம் மாறுவது எதற்கு?

இனி, அம்மாணவன் கூறியதை ஆராய்வோம்.

பச்சோந்தியின் இயல்பான நிறம் பசுமை; சிலகாற் பழுப்பு. இலைகளிடையே மறைதற்கு அவ்வியல்பு நிறமும், காற்றிலாடும் இலைபோல் அசைந்தசைந்து செல்லும் நடையுமே பெரும்பாலும் போதியன. இவற்றின்மேலும் அது நிறம் மாறுவது எதற்கு?

முதலாவது வெப்பம். காலையில் உடல் குளிர்ந்திருக்கும்போது வெயிலை ஏற்றற்பொருட்டுக் கருமை கொள்ளும். வெம்மை மிகும்போது வெளிறும். இரண்டாவது உள்ளத்து நிலை. அச்சம், சினம், போட்டி, இணைவிழைவு என்பன நிறமாகத் தோலில் வெளிப்படும். பிடிபட்ட பச்சோந்தி கருமையடைந்து, உடலை உப்பி, வாயைத் திறந்து சீறும். சிவத்தச் சாரத்தில் விடப்பட்ட அந்த உயிர் கறுத்தது அதனாலேயே. அது சாரத்தைப் பார்த்துக் கறுக்கவில்லை. தன்னைப் பற்றிய கைக்கு அஞ்சிக் கறுத்தது.

ஆராய்ச்சியும் இதனையே வலியுறுத்துகின்றது. தேவி ஸ்ருவாட் பொக்ஸ், அட்னான் மொசல்லி என்னும் இருவரும் தென்னாபிரிக்கப் பகுதியின் குறும்பச்சோந்திகளை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டனர். பலவகை நிறமுள்ள இடங்களில் வாழ்பவை மிகுதியாக நிறம் மாறும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. அவர்கள் கண்டதோ வேறு. தம்மினத்தார்க்குப் பளிச்சென்று தோன்றுங் குறிகளைக் காட்டும் இனங்களே மிகுதியாக நிறம் மாறுவன. பகைக்கு மறைதற்பொருட்டுச் சிறிது மாறுதல் முற்றும் இல்லையென்பதன்று. ஆயினும் அவ்வாற்றல் வளர்ந்தது மறைத்தற்கன்று, உணர்த்தற்கே என்பது அவர்தம் முடிபு.

நிறம் மாறும் முறையை 2015ஆம் ஆண்டில் செனீவாப் பல்கலைக்கழகத்தார் விளக்கினர். அவர்கள் ஆராய்ந்தது மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்தி. அதன் தோலின் சில உயிரணுக்களுள் கண்ணுக்குப் புலனாகாத நுண்பளிங்குகள் ஒழுங்குற அடுக்கப்பட்டுள்ளன. உயிர் அமைதியாயிருக்கையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பும். மேலுள்ள மஞ்சள் நிறமியோடு கலந்து அது பச்சையாகத் தோன்றும். உயிர் கிளர்ச்சியுறுகையில் பளிங்குகளின் இடைவெளி விரிய, மஞ்சளும் செம்மையும் எழும். பச்சை என நாம் காண்பது அமைதியின் நிறம் என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே பச்சோந்தியின் நிறமாற்றம் கரவு அன்று. தன் உள்ளத்தைத் தோலில் எழுதிக் காட்டும் உயிர் அது. அகத்தை மறைக்க முகத்தை மாற்றும் மனிதனுக்கு அதனை உவமையாக்கினோம். அவ்வுவமையிற் பொதுத்தன்மை என ஒன்று உண்டோ?

சங்கப் புலவர் கண்டது

இவ்விடத்து எம் பழைய நூல்களை நோக்குதல் தகும். ஓதி, ஓந்தி எனச் சங்க நூல்களில் வருவது இக்குலத்து உயிரே. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய பாலைப்பாட்டு ஒன்று, ஓந்தியின் முதிர்ந்த ஆணைக் குறிக்கின்றது. அதன் முதுகுக்குக் கருக்குடைய கருவி உவமையாகின்றது. வழிச்செல்வோர் அதனை நிமித்தமாகக் கொள்வர். ஓணானின் முதுகில் நிரல்பட நிற்கும் முட்களை அருகிருந்து பார்த்தவர்க்கன்றி அவ்வுவமை தோன்றாது.

நற்றிணைப் புலவர் ஒருவர் இன்னும் நுட்பமாகக் கண்டார். வேனிற்காலத்தில் நிறம் மாறுவது ஓந்தியின் முதிர்ந்த ஆண் என்பது அவர் குறிப்பு. காலத்தையுஞ் சுட்டினார், ஆண் என்பதையுஞ் சுட்டினார். எம் வேலியோரத்து ஓணானைப் பார்த்து இன்றைய அறிவியலார் எழுதுவதும் பெரிதும் அதுவே. அக்குறிப்பில் ஏமாற்று என்றோ வஞ்சகம் என்றோ ஒரு பழிமொழி இல்லை.

கோம்பி என்பது பச்சோந்திக்கு வழங்கிய பிறிதொரு பெயர். திருக்கோவையாரில் கோம்பிக்கு அஞ்சி ஒதுங்கும் மயிலொன்று வருகின்றது. அங்கும் அது வஞ்சக உயிரன்று. மயிலும் அஞ்சுதற்குரிய உயிர். கண்டதைக் கண்டவாறு பாடிய புலவர் வழிவந்த யாம், காணாத ஒன்றைக் கரும்பலகையில் எழுதினோம். கண்டவனை அமரச் சொன்னோம். தமிழாசிரியராகிய எமக்கு இதனினும் நாணத்தக்கது யாது?

பழியும் கல்லும்

சொல்லாற் பழி சுமந்த உயிர்மேற் கல்லும் எளிதில் விழும். ஓணானைச் சிறுவர் கல்லெறிந்து கொல்லுதல் எம் ஊர்களில் விளையாட்டாகவே இருந்து வந்தது. யாமும் அதில் நீங்கியவர் அல்லோம். அதற்கு ஒரு கதையுந் துணை. சேது அமைக்குங்கால் அணில் மண் சுமந்து உதவியது என்றும், நீர்வேட்கையுற்ற இராமருக்கு ஓணான் தன் சிறுநீரைக் கொடுத்தது என்றும் பாட்டிமார் கூறுவர். அணிலின் தொண்டு தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் உள்ளது. ஓணானின் குற்றமோ வான்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. ஆதாரமற்ற குற்றச்சாட்டின்மேல் எத்துணைத் தலைமுறையாகத் தண்டனை நிறைவேற்றி வந்துள்ளோம்!

பச்சோந்தியைக் கொல்வது கல் மட்டுமன்று. மரத்தில் வாழும் மெல்நடை உயிருக்குக் கிளையோடு கிளை கோத்த காடு வேண்டும். காட்டை வெட்டினால் அது தரையில் இறங்கும். தரையில் இறங்கினால் வீதியைக் கடக்கும். வீதியில் வரும் வண்டி அதன் நடைக்குக் காத்து நிற்பதில்லை. இலங்கையின் 2012ஆம் ஆண்டுத் தேசியச் செம்பட்டியல் அதனை அழியும் இடருக்குட்பட்ட உயிர்களுள் வைத்தது. அரிய உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையிலும் அது இடம்பெற்றுள்ளது.

எம் கண்ணாற் கண்டது

2012ஆம் ஆண்டில் திருக்கேதீச்சரத்தை வழிபட்டு மீளுங்கால், மன்னார்ப் பக்கத்து வீதியொன்றில் எம் வண்டி திடீரென நின்றது. சாரதி இறங்கினார். வீதியின் நடுவே ஓர் உயிர் முன்னே ஓரடி, பின்னே அரையடி என ஆடி ஆடிச் சென்றுகொண்டிருந்தது. வாழ்வில் முதன்முதலாகப் பச்சோந்தியைக் கண்டோம். பத்தாண்டு தமிழ் கற்பித்த பின்னர்!

காய்ந்த தடியொன்றை அதன்முன் நீட்டினோம். சற்றுத் தயங்கி ஏறியது. தடியோ வெளிறிய சாம்பல் நிறம். அதன்மேல் இருந்த உயிரோ கரும்புள்ளிகள் பரந்து, உடல் உப்பி, எம்மை நோக்கி வாயைப் பிளந்து சீறியது. வீதியோரத்து உடைமரமொன்றின் பசுங்கிளையில் அதனை விட்டு எட்ட நின்றோம். பச்சை இலைகளின் நடுவிலும் அது கருநிறமாகவே சிறிது நேரம் இருந்தது. ஒரு கண் எம்மை விட்டு அகலவில்லை. மெல்ல மெல்ல, அச்சந் தணியத் தணியக் கருமை நீங்கிப் பசுமை மீண்டது. மரம் தொடக்கத்திலிருந்தே பச்சை. மாறியது அவ்வுயிரின் அச்சமே.

அப்பொழுது எம் நெஞ்சில் ஒலித்தது, "சிவக்கேல்லை, கறுத்துப் போச்சு" என்ற அக்குரல்.

வேலியுஞ் சாட்சியும்

ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பது எம் நாட்டுப் பழமொழி. நெடுந்தீவின் பவளக்கல் வேலிகள் ஒருபுறமிருக்க, கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நிரைத்து ஓலை கட்டிய வேலிகளே யாழ்ப்பாணத்து வளவுகளின் எல்லைகளாயிருந்தன. அவ்வேலி வளவுக்குக் காவல். ஓணானுக்கும் அணிலுக்கும் பறவைக்கும் வீடு. இன்று ஊர்கள் தோறும் மதில்கள் எழுகின்றன. மதில் எல்லையைக் காக்கலாம். ஆனால் ஓர் உயிருக்கும் நிழல் தராது. பச்சோந்தியைக் காட்டில் இழந்துகொண்டே ஓணானையும் வேலியில் இழப்போமாயின், சாட்சி சொல்ல எவரும் மிஞ்சார்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் யாம் வேண்டுவன சில. மதிலே கட்டினும் அதன் உட்புறம் பூவரசோ கிளுவையோ நாட்டுங்கள். வன்னியிலும் மன்னாரிலும் வண்டி செலுத்துவோர் வீதியில் ஆடி நகரும் இலையொன்றைக் கண்டால் சற்று நில்லுங்கள். கல்லெடுக்கும் பிள்ளையின் கையைத் தடுத்து, அவ்வுயிரின் கண்ணைப் பார்க்கச் செய்யுங்கள். "பச்சோந்தி போல" என்னுந் தொடரைக் கற்பிக்கவே வேண்டுமாயின், உலகவழக்கு இது, உண்மை வேறு என்பதையும் உடன் கூறுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை தான் கண்டதைக் கூற எழுந்தால், அப்பிள்ளை கூறி முடிக்குமட்டும் நூலை மூடிவையுங்கள்.

இறுதியாக ஒன்று. அன்று பின்வரிசையில் எழுந்த அம்மாணவன் பின்னர் எம் கல்லூரியிலேயே உயர்தரம் கற்று, கடல் கடந்து சென்றான் எனக் கேள்விப்பட்டோம். பழைய மாணவர் பலர் கைக்குஞ் செல்லும் இம்மலர் அவன் கைக்கும் எட்டுதல் கூடும். எட்டுமாயின், தம்பி, நீ கூறியதே சரி. அன்று உனக்கு அளிக்கவேண்டிய புள்ளியை இருபதாண்டு கடந்தேனும் இவ்வேட்டில் இடுகின்றோம்.